செவுள் புழுவுக்கு எந்த மருந்து: பிராசிகுவான்டலா, பார்மலினா, பெர்மாங்கனேட்டா, உப்பா?

மீன் நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்குகிறது. ஒரு பக்கச் செவுள் மூடி ஒட்டிப்போயிருக்க, மறுபக்கம் மட்டும் படபடவென்று அடிக்கிறது. நடுநடுவே கல்லில் உடம்பைத் தேய்த்துவிட்டு ஓடுகிறது. இதைப் பார்த்ததும் மீன் வளர்ப்பவர்கள் வாயில் வரும் முதல் சொல் 'செவுள் புழு'. அடுத்தது, 'என்ன மருந்து போடலாம்?'

யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அலங்கார மீன் வளர்ப்பவர் பிராசிகுவான்டல் என்ற புழுமருந்தைச் சொல்வார். குளத்துக்காரர் பெர்மாங்கனேட் (பொட்டாசியம் பெர்மாங்கனேட்) என்பார். பழைய ஆட்கள் பார்மலின் (நீரில் கரைத்த பார்மால்டிஹைடு) என்பார்கள், இல்லாவிட்டால் உப்புதான். ஒவ்வொருவரிடமும் தன் மருந்தில் மீன் பிழைத்த கதை ஒன்று இருக்கும், அது பொய்யாகவும் இருக்காது. இவை எல்லாமே ஏதோ ஓர் அளவில் செவுள் புழுவைக் கொல்லக்கூடியவைதான். அதனால் எது அதிக வீரியம் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. இந்தப் புழு முட்டை போடுகிற வகையா, இந்த மீனுக்கு இன்னும் எவ்வளவு மூச்சு மிச்சமிருக்கிறது, இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மருந்து பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில், புழுதானா?

மூச்சு வாங்கும் மீனெல்லாம் புழு பிடித்த மீன் கிடையாது. நீரில் அம்மோனியா ஏறினாலும், நைட்ரைட் ஏறினாலும், ஆக்சிஜன் குறைந்தாலும் இதே காட்சிதான். வெள்ளைப்புள்ளி நோய், வெல்வெட், காஸ்டியா போன்ற ஒருசெல் ஒட்டுண்ணிகள் செவுளில் ஏறினாலும் மீன் இப்படித்தான் தேய்க்கும். எனவே மருந்துப் புட்டியைத் திறக்கும் முன் நீரைச் சோதிப்பது கட்டாயம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சரியாக இருந்தால்தான் அடுத்த பேச்சு. இவை கெட்டிருக்கும் நீரில் பார்மலின் ஊற்றினால் சாவதற்கு இருந்த மீன் சீக்கிரம் சாகும், அவ்வளவுதான்.

உறுதி செய்ய ஒரே வழி மைக்ரோஸ்கோப். செவுள் இழையின் நுனியில் துளி வெட்டி, தொட்டி நீரிலேயே ஒரு சொட்டு விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். 40 மடங்கு, 100 மடங்கு பெருக்கம் போதும். பழக்கம் இல்லாதவர் உயிருள்ள மீனின் செவுளை வெட்டுவதைவிட, தெரிந்தவரிடம் கொண்டுபோவது நல்லது. அப்போதே செத்த மீன் இருந்தால் அதன் செவுளும் உதவும். செத்து நேரமாகிவிட்டால் புழு கழன்றுபோயிருக்கும், அப்போது ஒன்றும் தெரியாததை வைத்து 'புழு இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

தகட்டில் தெரிவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நீண்டு சுருங்கி நெளியும் சிறு புழு, தலைப்பக்கம் நான்கு கருப்புக் கண்புள்ளிகள், தலை நுனி நான்கு மடலாகப் பிரிந்திருக்கும். அது டாக்டைலோகைரஸ். கண்புள்ளியே இல்லாமல், தலை இரண்டு மடலாகப் பிரிந்து, வயிற்றுக்குள் இன்னொரு குட்டிப் புழுவின் கொக்கிகள் தெரிந்தால் கைரோடாக்டைலஸ். இரண்டுமே ஒற்றைப் புரவலன் தட்டைப்புழுக்கள். நத்தையோ பறவையோ நடுவில் தேவையில்லை, மீனிலிருந்து மீனுக்கு நேராகவே பரவும். இரண்டும் வால்பக்கத்துக் கொக்கிகளால் திசுவைக் கவ்விக்கொண்டு செவுள் மேல்தோலையும் சளியையும் மேயும். டாக்டைலோகைரஸ் செவுளையே வீடாகக் கொண்டது. கைரோடாக்டைலஸ் பெரும்பாலும் தோலிலும் துடுப்பிலும் இருக்கும், செவுளிலும் ஏறும்.

(கெண்டை இனங்களின் செவுளில் டிப்ளோசூன் என்று மூன்றாவதாக ஒன்றைப் பார்க்க வாய்க்கலாம். இளம் புழுக்கள் இரண்டு சந்தித்து, உடலோடு உடலாக ஒட்டி வளர்ந்து, பெருக்கல் குறி வடிவில் வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். துணை கிடைக்காத குட்டி வளராமலே செத்துப்போகும். மருத்துவ முடிவுக்கு இது பெரிதாக ஒன்றும் சேர்க்காது. ஆனாலும் ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.)

முட்டைதான் விஷயம்

கைரோடாக்டைலஸ் குட்டி போடும். தாயின் வயிற்றில் குட்டி, அந்தக் குட்டியின் வயிற்றில் அடுத்த குட்டி என்று அடுக்காகவே பிறக்கும். பெருகும் வேகம் பயமுறுத்தும்தான். ஆனால் மருந்துக்கு இது வசதியான எதிரி. மீன் மேல் இருப்பவை மொத்தமும் செத்தால் கதை முடிந்தது, ஒளிந்திருக்க முட்டை கிடையாது. ஒரு சுற்று சரியாகக் கொடுத்தாலே பல நேரம் போதும்.

டாக்டைலோகைரஸ் முட்டை போடும். முட்டை நீரில் விழுந்து அடித்தரையில் தங்கும். கடினமான புரத ஓட்டுக்குள் கரு இருக்கும். அந்த ஓட்டைத் தாண்டி உள்ளே போய்க் கருவைக் கொல்லும் என்று நம்பக்கூடிய மருந்து, மீன் தாங்கக்கூடிய அளவில், இந்தக் கட்டுரையில் வரும் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. பிராசிகுவான்டலும் இல்லை, பார்மலினும் இல்லை. 'போன வாரம்தான் மருந்து போட்டேன், திரும்ப வந்துவிட்டது, மருந்து போலி' என்று வரும் புகாரில் பாதிக்கு மேல் இந்த முட்டைதான் குற்றவாளி என்பேன்.

முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிக்கு உடலில் மயிரிழைகள் உண்டு. அவற்றை அசைத்து நீந்திப் போய் மீனைத் தேடும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். கிடைத்தால் செவுளில் ஒட்டி, வளர்ந்து, தானே முட்டை போட ஆரம்பிக்கும். இந்தச் சுற்று எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நீரின் சூடு முடிவு செய்கிறது. 22 முதல் 24 டிகிரி செல்சியஸில் முழுச் சுற்றும் சில நாட்களில் முடிந்துவிடும். 1, 2 டிகிரியில் அதற்கே ஐந்தாறு மாதம் ஆகும்.

ஆக, மருந்தைத் தேர்வு செய்யும்போது உண்மையில் கேட்க வேண்டியது, 'இதை இந்த மீனுக்கு இரண்டு, மூன்று முறை, சரியான இடைவெளியில் கொடுக்க முடியுமா?' வெதுவெதுப்பான தொட்டியில் இடைவெளி ஐந்து முதல் ஏழு நாள். முதல் சுற்று வளர்ந்த புழுவைக் கொல்கிறது. அதற்குப் பின் முட்டையிலிருந்து வந்தவை தாங்கள் முட்டை போடும் முன் இரண்டாவது சுற்று அவற்றைப் பிடிக்க வேண்டும். மூன்றாவது, தப்பியவற்றுக்கு. குளிர்ந்த குளத்தில் இதே ஐந்து நாள் கணக்கை வைத்தால் மூன்று சுற்றும் முட்டை பொரிவதற்குள் முடிந்துபோகும், பலன் கிடைக்காது. அங்கே இடைவெளி வாரக்கணக்கில் நீள வேண்டும். இல்லையென்றால் நீர் சூடாகும்வரை பொறுப்பதே மேல்.

ஒருமுறைதான் கொடுக்க முடியும் என்கிற மருந்து எவ்வளவு கடுமையாக இருந்தாலும் டாக்டைலோகைரஸிடம் தோற்கும்.

பிராசிகுவான்டல்

மனிதர்களுக்கு நத்தை வழியாக வரும் புழுநோயான நத்தைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். 1970களில் ஜெர்மனியின் பாயர், மெர்க் நிறுவனங்களின் ஆய்வில் உருவானது. புழுவின் உடலுக்குள் கால்சியம் கட்டுப்பாடில்லாமல் புகும்படி செய்கிறது. தசை இறுகி, மேல்தோல் சிதைந்து, பிடி விட்டுப்போகிறது. தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் குறிவைத்து அடிப்பது இதன் பலம். மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை, பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் செடிக்கும் இல்லை, ஆக்சிஜனையும் தின்னாது. மூச்சுக்குத் திணறும் மீனுக்குக் கொடுக்க இதைவிடப் பொறுமையான மருந்து இல்லை.

வழக்கமான அளவு லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம், சில நாள் நீரிலேயே விட்டுவைப்பது. 200 லிட்டர் தொட்டிக்கு 400 முதல் 600 மில்லிகிராம். தனித்தொட்டியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் சில மணி நேரக் குளியலாகவும் கொடுப்பார்கள். தொட்டியின் வெளி அளவை வைத்து லிட்டர் கணக்குப் போடாமல், கல், மணல், காலி இடம் போக உண்மையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் முதல் வம்பு கரைவது. பொடியை நேராகத் தொட்டியில் தூவினால் வெள்ளையாக மிதக்கும், கொஞ்ச நேரத்தில் மூலையில் போய் உட்காரும். மீனுக்கு மருந்தே போகாது. சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு போட்டு நன்றாகக் குலுக்கி, கரைந்த மட்டும் ஊற்றி, மீதிக்கு மறுபடி நீர் விட்டுக் குலுக்கி ஊற்ற வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. 'பிராசி போட்டும் கேட்கவில்லை' என்பவரிடம் நான் முதலில் கேட்பது எப்படிக் கரைத்தீர்கள் என்றுதான். இரண்டாவது கேள்வி, பில்டரில் இருந்த கார்பனை எடுத்தீர்களா என்பது. கார்பன் மருந்தை உறிஞ்சிவிடும்.

இரண்டாவது வம்பு, நீரில் இருக்கும் பாக்டீரியா மருந்தைத் தின்னப் பழகிக்கொள்வது. ஏற்கெனவே பலமுறை போட்ட நீரில் அடுத்த முறை போட்டது எதிர்பார்த்ததைவிட வேகமாகக் காணாமல் போகும். உப்புநீர் தொட்டிகளில் இது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் நீரைக் கணிசமாக மாற்றிவிட்டு முழு அளவையும் புதிதாகப் போடுவது பாதுகாப்பு. பாதி இருக்கும், பாதி போட்டால் போதும் என்கிற யூகம் வேண்டாம்.

தீவனத்தில் கலந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் மருந்து கசப்பு, மீன் துப்பிவிடும். அதுபோக, செவுள் வீங்கி மூச்சு முட்டும் மீன் சாப்பிடுகிற நிலையிலேயே இருக்காது. செவுள் புழுவுக்கு நீரில் கரைப்பதே வழி.

நுண்ணோக்கி கையில் இல்லாமல், ஊகத்தில்தான் மருந்து போட்டாக வேண்டும் என்ற கட்டாயத்திலும் இதையே சொல்வேன். ஊகம் தப்பாகப் போனால் பிராசிகுவான்டல் பலன் தராது. ஆனால் பார்மலின், பெர்மாங்கனேட் போல மீனைக் கொல்லவும் செய்யாது.

பார்மலின்

பார்மலினுக்கு உள்ள ஒரே நியாயமான பெருமை, இது ஆள் பார்ப்பதில்லை. செவுள் புழு, வெள்ளைப்புள்ளி, ட்ரைக்கோடினா, காஸ்டியா எல்லாவற்றையும் அடிக்கும். தகட்டில் புழுவோடு ஒருசெல் ஒட்டுண்ணியும் கூட்டமாகத் தெரிந்தால் பிராசிகுவான்டல் பாதி வேலைதான் செய்யும், பார்மலினுக்கு அங்கே இடம் உண்டு. அமெரிக்காவில் மீனின் புற ஒட்டுண்ணிகளுக்கு அரசு அனுமதி பெற்ற பார்மலின் தயாரிப்புகள் இருக்கின்றன. உணவு மீன் வளர்ப்பவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை, ஏனென்றால் பிராசிகுவான்டலுக்கு அங்கே அந்த அனுமதி கிடையாது. உணவுக்கு வளர்ப்பவர் எந்த மருந்தையும் தன் நாட்டு விதியைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். சந்தைக்குப் போகும் மீனில் மருந்து மிச்சம் இருந்தால் அதைச் சாப்பிடப்போவது மனிதர்.

சரி, கெட்ட செய்திக்கு வருவோம். குளத்தில் விட்டுவைக்கும் அளவு லிட்டருக்கு 15 முதல் 25 மில்லிகிராம், அதாவது ஆயிரம் லிட்டருக்கு 15 முதல் 25 மில்லிலிட்டர். ஒவ்வொரு 5 மில்லிகிராம் பார்மலினும் நீரிலிருந்து 1 மில்லிகிராம் ஆக்சிஜனை எடுத்துவிடும், இது ஒன்றரை நாளுக்குள் நடந்துவிடும். 25 மில்லிகிராம் போட்டால் 5 மில்லிகிராம் ஆக்சிஜன் போகிறது. 30 டிகிரி நீர் எவ்வளவு நன்றாகக் காற்றூட்டினாலும் தன்னுள் தாங்குவது லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். மீதி இரண்டரை. செவுளே பாதி அடைபட்டுப்போன மீன் அந்த இரண்டரையில் பிழைக்குமா? இது போதாதென்று குளத்தில் பாசியும் செத்து, அது தரும் ஆக்சிஜனும் நின்றுபோகும். பார்மலினில் செத்த மீன்களில் நிறைய மூச்சு முட்டிச் செத்தவை, விஷத்தில் செத்தவை அல்ல. பலத்த ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடாத இடத்தில், அல்லது நீர் நன்றாகச் சூடேறிய பருவத்தில், பார்மலினை நான் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுவேன்.

தனித்தொட்டியில் ஒரு மணி நேரக் குளியல் என்றால் லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம். 21 டிகிரிக்கு மேல் சூடான நீரில் 150ஐத் தாண்டக் கூடாது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும், மீன் சாய்ந்தால் உடனே எடுத்து நல்ல நீரில் விட வேண்டும்.

இன்னொன்று, பார்மலின் பாட்டிலைக் குளிரில் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அது பாராபார்மால்டிஹைடு, மீனுக்குக் கொடிய விஷம். வெள்ளை படிந்த பாட்டிலை வடிகட்டிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கக்கூட வேண்டாம். ஊற்றுகிற ஆளுக்கும் ஆபத்து உண்டு. பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கையுறை, காற்றோட்டம் இரண்டும் இல்லாமல் தொடக் கூடாது. வீட்டு வரவேற்பறையில் இருக்கும் தொட்டிக்கு இது தேவையா என்றால், என் பதில் தேவையில்லை என்பதுதான்.

பெர்மாங்கனேட்

குளத்துக்காரர்களின் நண்பன். ஆயிரம் லிட்டருக்கு 2 கிராம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஒரு லட்சம் லிட்டர் குளத்துக்கும் 200 கிராமில் வேலை முடிந்துவிடும். பிராசிகுவான்டல் பொடியை அவ்வளவு நீருக்குக் கரைத்து முடிக்கும் பாட்டை நினைத்தால் குளத்துக்காரர்கள் இதை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பது புரியும். பார்மலின் போல நேரடியாக ஆக்சிஜனை இழுக்காது என்பதும் ஒரு நன்மை.

சிக்கல், இது எதைப் பார்த்தாலும் எரிக்கும். சேறு, தீவன மிச்சம், பாசி, மீனின் சளி, புழு எல்லாம் அதற்கு ஒன்றுதான். அழுக்கு நிறைந்த குளத்தில் போட்ட 2 மில்லிகிராம் புழுவைத் தொடும் முன்பே செலவாகிவிடும். தெளிந்த நீரில் அதே 2 மில்லிகிராம் முழுவதும் மீன் மேல் வேலை செய்யும். ஆகவே எல்லாக் குளத்துக்கும் ஒரே அளவு என்று எழுதிவைக்க முடியாது. குளத்து நீரையே சில வாளிகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவு போட்டு, எது எத்தனை மணி நேரம் ரோஜா நிறத்தில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. நிறம் ஊதா ரோஜாவாக இருக்கும்வரை மருந்து உயிரோடு இருக்கிறது. பழுப்பாகிவிட்டால் தீர்ந்துவிட்டது. அந்தப் பழுப்பு மாங்கனீசு டை ஆக்சைடு, காரத்தன்மை அதிகமுள்ள நீரில் அது செவுளிலேயே படிந்து தொந்தரவு கொடுக்கும். அளவு கூடிப்போய் மீன் தடுமாறினால் சோடியம் தயோசல்பேட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றி உடனே முறிக்கலாம். முறிவு மருந்து பக்கத்தில் இல்லாமல் பெர்மாங்கனேட்டில் கை வைக்காதீர்கள்.

முட்டைக் கணக்கு இங்கேதான் இடிக்கிறது. பெர்மாங்கனேட் செவுளின் மெல்லிய தோலையும் சுடும். புழு கடித்து ஏற்கெனவே புண்ணான செவுள் ஆறுவதற்குள் அடுத்த சுற்று வந்து நிற்கும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கொடுப்பது நல்லதல்ல. வெதுவெதுப்பான நீரில் டாக்டைலோகைரஸுக்கு அந்த ஒரு வாரம் கொஞ்சம் தாராளமான அவகாசம். அதனால் குளத்தில் கைரோடாக்டைலஸ் என்றால் பெர்மாங்கனேட்டை யோசிக்காமல் எடுப்பேன். டாக்டைலோகைரஸ் என்றால், எண்ணிக்கையைக் குறைத்து மீனைக் காப்பாற்றலாம், ஒழிக்க முடியாது என்ற எதிர்பார்ப்போடுதான் எடுப்பேன். மீன் எண்ணிக்கை குறைவாக, ஒவ்வொன்றும் அருமையான கோய் மீனாக இருந்தால் குளமானாலும் பிராசிகுவான்டல்தான். கரைப்பதற்கு ஒரு நாள் செலவானால் ஆகட்டும்.

தொட்டியில் பெர்மாங்கனேட் வேண்டாம். பில்டர் பாக்டீரியாவை அழித்துவிடும், பிறகு அம்மோனியா ஏறி அதே செவுளை மறுபடி சுடும். முக்கியமான எச்சரிக்கை, பார்மலினையும் பெர்மாங்கனேட்டையும் எந்தக் காரணத்துக்காகவும் கலக்கவோ பக்கத்தில் வைக்கவோ கூடாது. வேகமாக வினை புரிந்து தீப்பிடிக்கும் அளவுக்குப் போகும்.

உப்பு

உப்பைக் குறை சொன்னால் பலருக்குக் கோபம் வரும். உப்பு நல்லதுதான், ஆனால் அது எந்த வேலைக்கு நல்லது என்பதில் குழப்பம் இருக்கிறது.

லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் அளவில் தொட்டியில் போடும் உப்பு செவுள் புழுவைக் கொல்லாது. செவுள் கெட்ட மீன் உடல் உப்பை இழந்துகொண்டே இருக்கும், அந்தச் சுமையை இது குறைக்கும். நைட்ரைட் உடம்பில் ஏறுவதையும் தடுக்கும். மருந்தோடு சேர்த்து வைக்கும் துணை என்ற அளவில் எனக்கு இதில் எந்த மறுப்பும் இல்லை. பில்டரில் சியோலைட் கல் இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள், உப்பு பட்டதும் அது பிடித்துவைத்த அம்மோனியாவை எல்லாம் திரும்பக் கக்கிவிடும்.

புழுவைக் கொல்ல வேண்டுமானால் லிட்டருக்கு 30 கிராம் உப்பில் முக்கி எடுக்க வேண்டும். அரை நிமிடத்திலிருந்து சில நிமிடம் வரை, மீன் சாயும் வரைதான் கணக்கு. தோலில் இருக்கும் கைரோடாக்டைலஸ் இதில் நன்றாகவே உதிரும். செவுளுக்குள், சளிக்கு அடியில் கவ்விக்கொண்டிருக்கும் டாக்டைலோகைரஸில் ஒரு பங்கு தப்பிவிடும். தவிர, மீனை வலையில் பிடித்து, முக்கி, எடுத்து, விட்டு, மறுபடி அடுத்த வாரம் பிடித்து என்று மூன்று சுற்று செய்தால், மூச்சு முட்டும் மீனுக்கு அந்தக் களைப்பே போதும். தங்கமீனும் கோயும் தாங்கும். கெளுத்தி, டெட்ரா வகைகளுக்கு இதைச் செய்ய மனம் வராது.

மற்றவை, சுருக்கமாக

ட்ரைகுளோர்பான் என்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி ஒருகாலத்தில் குளங்களில் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் அளவில் தாராளமாகப் புழங்கியது. வேலை செய்யும், உண்மை. ஆனால் காரநீரில் டைகுளோர்வாஸ் என்ற இன்னும் கொடிய பொருளாக மாறும், அதனால் ஒரே அளவு இரண்டு குளத்தில் இரண்டு விதமாகப் பலிக்கும். குளத்தில் உள்ள இறாலும் நீர்ப்பூச்சியும் மொத்தமாகப் போகும். மனித நரம்பு மண்டலத்துக்கும் விஷம். இதற்குப் பழகிப்போன புழுக்களும் உண்டு. நல்ல மாற்று இருக்கும்போது இதை ஏன் ஒப்பிடுகிறேன் என்றால், இன்னும் யாராவது சிபாரிசு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மெபென்டசோல் என்ற புழுமருந்து விலாங்கு மீன் செவுள் புழுவுக்கு ஐரோப்பியப் பண்ணைகளில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், 24 மணி நேரம் என்ற அளவில் பேர்பெற்றது. அதே புழுவில் மருந்துக்கு மசியாத தலைமுறையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்கவும் முடிந்தது. ஒரே மருந்தைக் குறை அளவில் திரும்பத் திரும்பக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

எதுவும் செய்யாமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், பலர் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆற்றிலும் ஏரியிலும் இருக்கும் ஆரோக்கியமான மீனின் செவுளைப் பார்த்தால் ஒன்றிரண்டு புழு சாதாரணமாகவே கிடைக்கும். மீனும் புழுவும் அப்படியே காலம் தள்ளும். நெரிசலும் கெட்ட நீரும் சேரும்போதுதான் எண்ணிக்கை எகிறும். வளர்ந்த மீன், நன்றாகச் சாப்பிடுகிறது, மூச்சு சீராக இருக்கிறது, தகட்டில் ஒரு புழு தெரிந்தது என்றால், நீர் மாற்றுவது, அடித்தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்வது, கூட்டத்தைக் குறைப்பது இவை போதும். தரையை உறிஞ்சும்போது முட்டையும் போகிறது என்பதை மறக்க வேண்டாம். மணல் போடாத தொட்டியில் எல்லா மருந்தும் நன்றாகப் பலிப்பதற்கு இதுவும் காரணம்.

மீன்குஞ்சு என்றால் பொறுத்திருக்கக் கூடாது. கெண்டைக் குஞ்சுகளில் டாக்டைலோகைரஸ் வாஸ்டேட்டர் என்ற இனம் சில சென்டிமீட்டர் நீளமுள்ளவற்றைக் கூட்டமாகக் கொல்லும் என்பது பழைய பண்ணை அனுபவம். பெரிய மீனுக்குச் சுமையாக இருக்கும் புழுக்கூட்டம் குஞ்சின் சின்னச் செவுளுக்கு மரணம்.

தொட்டியிலா, தனித்தொட்டியிலா?

மருந்துத் தேர்வுக்குச் சமமான கேள்வி இது. நோயுற்ற மீனை மட்டும் தனித்தொட்டிக்கு எடுத்து, குணமாக்கி, திரும்பக் கொண்டுவந்து விட்டால், பழைய தொட்டியில் பொரிந்து காத்திருக்கும் குட்டிகளிடமே அதை ஒப்படைக்கிறோம். எனவே ஒன்று, மொத்தத் தொட்டிக்கும் மருந்து போட வேண்டும். பிராசிகுவான்டலுக்கு இதுவே சுலபம், பில்டரும் செடியும் தப்பிவிடும். இல்லாவிட்டால் மீன் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தியம் செய்து, தொட்டியை மீனே இல்லாமல் வெதுவெதுப்பாக மூன்று வாரம் ஓடவிட வேண்டும். முட்டை பொரியும், குட்டி தேடும், மீன் கிடைக்காமல் சாகும். மருந்தே இல்லாத வழி. பில்டர் பாக்டீரியாவுக்கு மட்டும் அம்மோனியா கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வலை, குழாய், வாளி எல்லாவற்றையும் நன்றாகக் காயவிட வேண்டும், ஈர வலையில் முட்டை பயணம் செய்யும்.

ஒன்று ஆறுதல். டாக்டைலோகைரஸ் இனங்கள் பெரும்பாலும் ஒரு மீன் இனத்தையோ நெருங்கிய சில இனங்களையோ மட்டும் பிடிக்கும். தங்கமீனிடமிருந்து கப்பிக்குத் தாவிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. புதிதாக வாங்கும் தங்கமீனை மட்டும் பயப்படுங்கள். அதை மூன்று நான்கு வாரம் தனியே வைத்து, அந்தக் காலத்திலேயே பிராசிகுவான்டல் இரண்டு சுற்று கொடுத்துவிட்டால், மேலே எழுதிய பாதிக் கட்டுரை உங்களுக்குத் தேவைப்படாது.

மூன்று சுற்றும் முடிந்து, ஒரு வாரம் கழித்து, மறுபடி செவுளைப் பாருங்கள். வெளிப்படையாக நெளியும் புழு அப்போதும் நிறைய இருந்தால், கரைத்த விதம், லிட்டர் கணக்கு, இடைவெளி, கார்பன் என்ற வரிசையில் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்றால் வேறு வகை மருந்துக்கு மாறலாம். நெளியும் புழு இல்லாமல், செவுள் இழைக்குள்ளேயே உருண்டையாக ஓடு கட்டிய கூடுகள் தெரிந்தால் விஷயமே வேறு. சென்ட்ரோசெஸ்டஸ் போன்ற இன்னொரு தட்டைப்புழுக் குடும்பத்தின் குட்டிகள் அவை. நத்தையில் வளர்ந்து, மீன் செவுளில் கூடு கட்டி, அந்த மீனைத் தின்னும் பறவைக்குள் போய்ப் பெரிதாகும். மீனிலிருந்து மீனுக்கு ஒட்டாது, நீரில் கலக்கும் மருந்து அந்தக் கூட்டுக்குள் சரியாகப் போய்ச் சேராது. அங்கே செய்ய வேண்டிய வேலை குளத்தில் இருக்கும் நத்தைகளை, முக்கியமாகக் கூம்பு வடிவச் சுருள் ஓடுள்ள மெலனாய்டஸ் நத்தைகளை ஒழிப்பதும், பறவை இறங்காமல் வலை கட்டுவதும்தான்.